ஐம்பத்தேழு ஆமென், ஒரு தூக்குக் கஞ்சி

நான் பொறுமைசாலி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் "அமைதியாகக் காத்திருந்தேன், கர்த்தர் செய்தார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அமைதியாக எல்லாம் காத்திருக்கவில்லை. அவரோடு சண்டை போட்டேன். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தே என் செருப்பு தேய்ந்தது. இப்படிப்பட்டவளுக்கும் அவர் பதில் கொடுத்தார், அதற்காகத்தான் இதை உங்கள் முன் வைக்கிறேன்.

என் பெயர் ரோஸ்லின். ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் தன்ராஜ் அதே கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தார். 2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, "வீட்டுக்குப் போங்க, ஆர்டர் வந்தா கூப்பிடுறோம்" என்றார்கள். அவர்கள் கூப்பிடவே இல்லை.

ஜனவரியில் வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். சூப்பர்வைசர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"உங்க வயசு ஜாஸ்திம்மா. எங்களுக்குச் சின்னப் பொண்ணுங்கதான் வேணும். கை வேகமா ஓடும். வீட்ல பொண்ணு இருக்குதா?"

இருந்தாள். எங்கள் ஒரே மகள் ஜாய்ஸ். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயது ஆசை. பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடிய பிள்ளை. அந்த சூப்பர்வைசர் சொன்னதை நான் வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் வாசலில் நின்றார். பிறகு, "பரீட்சை முடியட்டும். ஜூன்லேர்ந்து போகட்டும்" என்றார். மறுநாளே போய்ப் பெயரும் கொடுத்துவிட்டு வந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை.

எங்கள் தெருவுக்குத் தினமும் காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். ஹாரன் அடிக்கும். பெண் பிள்ளைகள் தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் ஓடி ஏறுவார்கள். நானும் பத்தாவது முடித்த கையோடு அப்படி ஏறியவள்தான். ஏறும்போது பதினாறு வயது, இறங்கும்போது கண்ணாடி போட்டிருந்தேன். அதனால் அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. ஆண்டவரே, என் பிள்ளை அந்த வேனில் ஏறக் கூடாது. வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஜெபம் செய்தால் மட்டும் போதுமா, கை சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை சமையல். பிரியாணி போட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் விற்கலாம் என்று முடிவு செய்தேன். ஆம்பூரில் பிரியாணி! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். தெருவுக்கு நாலு கடை இருக்கும் ஊர் இது. ஆனாலும் சபையில் இருபது குடும்பம், "நீ போடு ரோஸி, நாங்க வாங்கிக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறே ஆரம்பித்தேன். சீரகச் சம்பா ஊறவைத்து, கறிக்கடையில் இளங்கறி வாங்கி, கத்திரிக்காய்த் தொக்கு கிண்டி, டபரா என்கிற பெரிய பிரியாணி அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றேன்.

ஒருவரும் கிட்டே வரவில்லை. என்னைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் சபை ஆயரின் மனைவி, ஆயர் அம்மா, வந்து என் தோளில் கை வைத்தார்.

"ரோஸ்லின், புதன்கிழமை இன்னா நாளு?"

எனக்குச் சுருக்கென்றது. சாம்பல் புதன்! லெந்து என்கிற தவக்காலம் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் சபையில் நாற்பது நாளும் யாரும் கறி தொட மாட்டார்கள். வாக்குக் கொடுத்தவர்களும் நாளை எண்ணிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்கள் ஐக்கியத்தில் லெந்து ஜெபக்கூட்டத்துக்குப் பொறுப்பாளியே நான்தான். புதன்கிழமை சாம்பல் பூசிய நெற்றியோடு கறிக்குச் சொல்லி வைத்தவள் நான். வேனைப் பற்றிய கவலை என் புத்தியை அப்படி மறைத்திருந்தது. ஆயர் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

டபராவோடு வீடு திரும்பும்போது எங்கள் தெரு முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சலீம் பாய் வழிமறித்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். விஷயத்தைக் கேட்டதும் தன் நண்பர்களையெல்லாம் கூப்பிட்டு அரை டபராவைக் காலி செய்யவைத்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அக்கா, பிரியாணி ஏ ஒன். ஆனா ஆம்பூர்ல விக்காதே. வெளியூர்க்காரன்கிட்ட போ."

"வெளியூருக்கு நான் எங்க பாய் போவேன்?"

"நீ போவாதே. கம்ப்யூட்டர்ல போடு. இப்ப பசங்க எல்லாம் அதுலதானே கெடக்குறானுங்க."

அப்போது இணையத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் எழுதும் தளம் ஒன்று பெயர் பெற்றிருந்தது. காலேஜ் பிள்ளைகள் பாய் கடையில் வரிசையில் நின்று அதைத்தான் பார்ப்பார்கள். நான் பத்தாவது முடித்தபோது டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அதனால் விரல் மறக்கவில்லை. பாய் எனக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். படம் போடும் இடத்தில் என் முகத்தைப் போட வெட்கமாக இருந்தது. எங்கள் கோயில் கோபுரத்தைப் போட்டேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடும் ஒரு குழுவைத் தேடிக் கண்டுபிடித்து அதில் சேர்ந்தேன். பிறகு ஆங்கில எழுத்தில் தமிழை வைத்து என் முதல் விளம்பரத்தை எழுதினேன்.

விளம்பரம் எழுதி எனக்குப் பழக்கம் ஏது? பழகியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், அதில் துண்டுச் சீட்டு எழுதிப் போடுவோம். பெயர், ஊர், விஷயம், கடைசியில் ஜெபிக்கவும். கை தானாக அதையே அடித்தது. பெயர்: ரோஸ்லின். ஊர்: ஆம்பூர். விஷயம்: சாப்பாட்டு வியாபாரம் ஆசீர்வதிக்கப்பட. ஜெபிக்கவும்.

மறுநாள் போய்த் திறந்தால், ஆமென்! பதினொரு பேர். அதற்கு மறுநாள் முப்பது. துபாயிலிருந்து ஆமென், கனடாவிலிருந்து ஆமென், தூத்துக்குடியிலிருந்து ஆமென். ஒரு தம்பி பெரிய எழுத்தில் மூன்று முறை போட்டிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வீட்டுக்கு வந்து அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன், ஆர்டர் வரப்போகிறது என்று.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஆமென் ஐம்பதைத் தாண்டியது. ஒரு பொட்டலம்கூட யாரும் கேட்கவில்லை. பங்குனி வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜாய்ஸ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை பாய் கடைக்கு ஓடுவேன், திறப்பேன், எண்ணுவேன், திரும்புவேன். வீட்டில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வேன் ஹாரன் காதில் கேட்கும். ஒரு நாள் மத்தியானம் அடுப்படியில் நின்று வாய்விட்டே கேட்டேன். "ஆண்டவரே, ஆமென்னு போட்டா அரிசி வேகுமா? நான் உம்மகிட்ட ஆள் கேட்டேன், நீர் ஆமென் அனுப்புறீரே!" ஜாய்ஸ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "யார்கிட்டமா பேசுற?" என்றாள். "உங்கப்பாகிட்ட" என்று சொல்லிவிட்டேன். கர்த்தர் மன்னிப்பாராக.

அந்த ஆத்திரத்தோடு பாய் கடைக்குப் போய், "உங்க கம்ப்யூட்டர் ஒண்ணுத்துக்கும் ஆவல" என்று கத்தினேன். அவர் என் பின்னால் வந்து நின்று நான் எழுதியதை முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா! இன்னா சமைக்கிறேன்னு போடல. எங்க கிடைக்கும்னு போடல. போன் நம்பர் இல்ல. இன்னாக்கா இது?"

"ஆண்டவருக்குத் தெரியாதா பாய்?"

"ஆண்டவனுக்குத் தெரியும். வாங்குறவனுக்குத் தெரிய வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்போதுதான் திரையில் கடைசியாக இருந்ததைக் கவனித்தேன். ஐம்பத்தேழாவது ஆமென். எழுதியவர் பெயர் கிரேஸ். மற்றவர்கள் ஆமென் என்று போட்டுவிட்டு நிறுத்தியிருந்தார்கள். இவள் அதற்குக் கீழே இன்னும் எழுதியிருந்தாள்.

"ஆமென் சிஸ்டர். ஆம்பூர், வேலூர் பக்கமா? நாங்க ஜாம்ஷெட்பூர்லேர்ந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து லாட்ஜ்ல இருக்கோம். தொண்டையில ஆபரேஷன். இப்ப வாயால சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஆனா எதைக் கொடுத்தாலும் வேணாங்கிறாங்க. ஊர்ல பெரிய வெள்ளிக்கு கோயில்ல ஊத்துற கஞ்சி மாதிரி கிடைச்சா குடிப்பேன்னு எழுதிக் காட்டுறாங்க. உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

செய்யத் தெரியுமாவா! எங்கள் சபையில் பன்னிரண்டு வருஷமாகப் பெரிய வெள்ளிக் கஞ்சி என் கைதான். பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். முந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் காய்ச்சுவேன். ஆனால் எனக்கு அப்போது சந்தோஷம் வரவில்லை, ஏமாற்றம்தான் வந்தது. நான் பிரியாணி கேட்டேன், இவர் கஞ்சியைக் காட்டுகிறாரே என்று நினைத்தேன். ஒரே ஒரு நோயாளிக்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் ஏறி வேலூர் போவதா? அதுவும் அந்த வாரமே பரிசுத்த வாரம். வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்கு மேல் வேலை.

பாய்தான் சொன்னார். "எங்க நோன்புக் கஞ்சி மாதிரிதானே? நோவுல கெடக்குறவங்க வாயத் தொறந்து கேக்குறாங்கக்கா. இல்லன்னு சொல்லாதே."

கிரேஸுக்கு என் போன் நம்பரை எழுதி, லாட்ஜ் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். பெரிய வெள்ளி அன்று விடியற்காலையிலேயே கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டினேன். பதினொன்றரைக்குக் கஞ்சி தயார். பன்னிரண்டுக்கு மும்மணி ஆராதனை ஆரம்பம். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் மூன்று மணி வரை பிரசங்கித்து முடித்த பிறகுதான் கஞ்சி ஊற்றுவார்கள். நான் அண்டாவிலிருந்து முதல் கரண்டியை ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றித் துணியால் சுற்றினேன். பெண்கள் பேசிக்கொண்டார்கள். "பெரிய வெள்ளியன்னிக்கா வியாபாரம்?" என்று ஒருத்தி காதுபடவே கேட்டாள். நான் வெடுக்கென்று, "இது வியாபாரமில்ல, சபைக் கஞ்சி. இதுக்கு விலையில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் நான் காசு வாங்காமல் கொடுக்கப்போகிறேன் என்பதே எனக்கு உறைத்தது.

ஆயர் அம்மா அருகில் வந்தார். "போ ரோஸ்லின். ஆறின கஞ்சி ஆவாது. நான் பரிமாறிக்கிறேன்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் தவறவிடாத ஆராதனை அது. முதல் வார்த்தை ஆரம்பிக்கும்போது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ்ஸில் இடமில்லை. தூக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றே போனேன். பள்ளிகொண்டா தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாரும் கோயிலில் இருக்க, நான் மட்டும் வியர்வை நாற்றத்தில் நிற்கிறேனே என்று அழுகை முட்டியது. ஆண்டவரே, நான் செய்வது சரியா தப்பா, அதையாவது சொல்லும் என்றேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் அந்த லாட்ஜ். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பக்கெட், துணிக்கொடி. வங்காளமும் இந்தியும் காதில் விழுந்தன. மாடி ஏறினால் கிரேஸ் வாசலிலேயே நின்றாள். முப்பது வயதிருக்கும். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவளுடைய அம்மா, கழுத்தில் கட்டோடு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஞானம்மா என்று பெயர்.

தூக்கைத் திறந்தேன். பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனை அறை முழுக்கப் பரவியது. அந்த அம்மா மெல்லத் திரும்பினார். கிரேஸ் டம்ளரில் பாதி ஊற்றி ஸ்பூனால் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் உள்ளே இறங்குவதற்கு எவ்வளவு நேரம்! நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு. மூன்று. பிறகு ஸ்பூனை ஒதுக்கிவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் அவரே பிடித்துக்கொண்டார். குடித்து முடித்துவிட்டு, காலி டம்ளரை என் பக்கமாகத் தள்ளினார். இன்னும் கொடு என்று அர்த்தம். கிரேஸ் கதவில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி இரண்டு. எங்கள் கோயிலில் தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தையைப் பிரசங்கிக்கிற நேரம். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் கால் அப்போதுதான் ஓரிடத்தில் நின்றது.

"அக்கா, நாளைக்கும் வர்றீங்களா?" என்றாள் கிரேஸ். "நாளையிலேர்ந்து சும்மா வேணாம்க்கா. காசு வாங்கிக்கணும்."

நான் ஊர் திரும்புவதற்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் ஒரு குழு அந்தத் தளத்தில் இருந்ததாம். எங்கே தங்கலாம், எந்தப் பிரிவுக்கு எப்போது சீட்டு வாங்கலாம் என்று எழுதுவார்களாம். அதில் அவள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிவிட்டாள். என் அம்மா பத்து நாளைக்குப் பிறகு இன்று குடித்தார், ஆம்பூரிலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்தார், காரமில்லாமல் செய்கிறார் என்று எழுதி, ஞானம்மா டம்ளரைப் பிடித்திருக்கும் படத்தையும் போட்டு, என் நம்பரையும் கொடுத்திருந்தாள். நான் என்னைப் பற்றி ஜெபக் குறிப்பு எழுதினேன். அவள் என்னைப் பற்றிச் சாட்சி எழுதினாள்.

ஈஸ்டர் திங்கள் காலையில் என் போன் அடித்தது. எடுத்தால் இந்தி. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே பாய் கடைக்கு ஓடினேன். அவர் உருதுவில் வெளுத்து வாங்கினார். "ரெண்டு பேரு, லாட்ஜ், ராஞ்சிக்காரங்க. அவருக்கு வயித்துல ஆபரேஷன். சோறு குழைவா, பருப்பு, காரம் கம்மி. ஓகே சொல்லட்டா?" சொல்லச் சொன்னேன். அன்றைக்கே பாய் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழுவில் நானும் ஒழுங்காக எழுதினேன். என்ன சமைக்கிறேன், எத்தனை மணிக்கு வருவேன், எந்தச் சந்து வரை வருவேன், எல்லாம். கடைசியில் பழக்கதோஷத்தில் "ஜெபிக்கவும்" என்று அடித்துவிட்டு அழித்தேன். பிறகு மறுபடியும் அடித்தேன். இருக்கட்டுமே!

மே மாதம் பாதிக்குள் ஒன்பது இடம் சேர்ந்தது. வங்காளத்துக்காரர்கள் மீன் கேட்டார்கள். புளியில்லாமல் மீன் குழம்பு வைக்க நான் பட்ட பாடு! ஜாய்ஸுக்கு ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். ஆனால் என் வீட்டுக்காரர் மாறவில்லை. "கஞ்சியை நம்பிப் பொண்ணைப் படிக்க வைக்க முடியுமா? இன்னிக்கு இருக்கிற நோயாளி நாளைக்கு ஊருக்குப் போய்டுவான். கம்பெனின்னா மாசமானா சம்பளம்" என்றார். ஜூன் முதல் திங்கள் வேன் வரும் என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜாய்ஸும், "போறேம்மா, பரவால்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பரவால்லதான் என்னைக் கொன்றது.

மே கடைசி வாரம். கஞ்சியை இறக்கும்போது துணி வழுக்கி என் வலது காலில் கொட்டிவிட்டது. பாதம் முழுக்கக் கொப்புளம். தரையில் ஊன்ற முடியவில்லை. ஒன்பது பேர் வேலூரில் காத்திருக்கிறார்கள். நான் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கதறினேன். "எல்லாக் கதவையும் திறந்துட்டு என் காலையா எடுத்துக்கிட்டீர்? இது இன்னா நியாயம்?" இதை நான் வெட்கத்தோடுதான் உங்களிடம் சொல்கிறேன். அவரைப் பார்த்து அப்படித்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து சட்டையை மாட்டினார். "எந்த லாட்ஜு, எந்த ரூமு, சொல்லித் தொலை" என்றார். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பையில் தூக்குகளை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். குழாயடியில் உட்கார்ந்து ஒன்பது தூக்கையும் தேய்த்தார். பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் பாத்திரம் தேய்த்து நான் பார்த்ததில்லை. தேய்த்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த ஞானம்மா என் கையைப் பிடிச்சிக்கிச்சு ரோஸி. இப்ப கொஞ்சம் பேச்சு வருது. உங்க வீட்டுக் கஞ்சியாலதான் உசுரோட இருக்கேன்னுச்சு. அங்க ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சு, நம்ம ஜாய்ஸ் வயசுதான். அந்தப் பொண்ணு கட்டு மாத்துறதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."

தேய்த்த தூக்குகளை அடுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அவர் மனசு மாறியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான் உண்மை. வேன் வர இன்னும் நாலு நாள் இருந்தது, கட்டிலில் கிடந்தபடி அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் முதல் திங்கள். ஆறரை மணி. வேன் வந்து ஹாரன் அடித்தது. ஜாய்ஸ் தலை பின்னி, சாப்பாட்டு டப்பாவோடு கதவருகே நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது ஹாரன். அப்போது என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து இரண்டு கையிலும் பைகளோடு வேகமாக வெளியே போனார். நொண்டிக்கொண்டே ஜன்னலுக்கு ஓடினேன்.

"பொண்ணு வரலப்பா. அது நர்ஸ் படிக்கப் போவுது" என்று டிரைவரிடம் சொன்னார். "நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன். இதையெல்லாம் ஏத்திக்கோ."

"இன்னாண்ணா இது! பொண்ணை ஏத்த வந்தா சோத்தை ஏத்துற?"

உள்ளேயிருந்த பெண் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு தூக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். வேன் புறப்பட்டுப் போனது. ஜாய்ஸ் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் மடியில் தலை வைத்து அழுதாள். நானும் அழுதேன். காலில் இருந்த எரிச்சல்கூட அப்போது தெரியவில்லை.

இன்று ஜாய்ஸ் நர்சிங் முதல் வருஷம் படிக்கிறாள். ஞானம்மா ஆடி மாதம் காட்பாடியில் ரயில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார். இட்லி சாப்பிடுகிறேன் என்று கிரேஸ் மூலம் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் தினமும் தூக்கு எடுத்துப் போகிறார், இந்தியும் கொஞ்சம் பேசுகிறார், தப்புத் தப்பாக. ஆர்டர் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். குறைகிற வாரம் நான் பழையபடி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். கர்த்தர் என் சுபாவத்தை இன்னும் முழுசாக மாற்றவில்லை. காலையில் வேன் வரும்போது, தூக்கை மடியில் வைத்துப் போன அந்தப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறேன். அதற்கு என்ன பதில் வரப்போகிறதோ, எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது என்னைப் போல உட்கார முடியாமல் தவித்துக்கொண்டிருந்தால், ஆண்டவரை நம்புங்கள். சண்டை போட்டாலும் அவரிடமே போடுங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் ஏளனம் செய்த அந்த ஐம்பத்தேழு ஆமென்னில்தான் அவர் என் பதிலை வைத்திருந்தார்.

இப்போதும் வாரம் ஒரு நாள் பாய் கடைக்குப் போய் அந்தத் தமிழ்க் கிறிஸ்தவர் குழுவைத் திறக்கிறேன். முகம் தெரியாத யார் யாரோ ஜெபக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பெயர், ஊர், விஷயம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆமென் என்று போடுகிறேன். போட்டுவிட்டு, கிரேஸ் எனக்குச் செய்ததைப் போல அடுத்த வரியில் கேட்கிறேன்: "நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"